ரெண்டு கட்டை, அஞ்சு கட்டை, ஒரு கட்டை

என் இடது கைச் சுண்டுவிரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள்) மாறும் இடம் வந்தால் மற்ற ஒன்பது விரல்களுக்கும் முன்னால் ஓடிப்போய், அந்தக் கார்டுக்குப் பெயர் தரும் ரூட் நோட்டில் உட்கார்ந்துகொள்ளும். சி கார்டு என்றால் சி, எஃப் கார்டு என்றால் எஃப். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடமாக எனக்கும் அந்த விரலுக்கும்தான் சண்டை.

பழக்கிவிட்டது அப்பா. சாயர்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஞாயிறு ஆராதனைக்கு அதில் வாசிப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது மாலை ஆராதனையை என்னிடம் விட்டார். சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையின் பாட்டுகளுக்கு நாலு பார்ட்: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். நாலையும் இரண்டு கையில் பிரித்து வாசிக்க வேண்டும். அப்பாவின் முதல் விதி, "பேஸ் கெட்டியா இருந்தா சபை தானாப் பாடும்." இரண்டாவது விதி, கார்டில் ரூட்டிலிருந்து எண்ணி ஏழாவது ஸ்வரம் வந்துவிட்டால் அது அடுத்த கார்டில் ஒரு படி இறங்கியே ஆக வேண்டும். கடன் வாங்கியவன் திருப்பித் தருவதுபோல. இறக்காமல் விட்டால் வீட்டுக்குப் போனதும் பேச்சு விழும்.

அப்புறம் சென்னை, ஆடிட்டர் ஆபீஸ் வேலை, கல்யாணம், மகள். பல வருடம் கட்டையைத் தொடவே இல்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் கிளையண்ட் ஒருவரைப் பார்க்க ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனேன். அவர் வர ஒரு மணி நேரம் தாமதம். லாபியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன் பேஸ் கிடார். பாட்டு சின்ன வயதிலிருந்து நான் நூறு தடவையாவது வாசித்த கிறிஸ்மஸ் பாட்டு. நாலு பார்ட்டும் மனப்பாடம். ஆனால் அவர் கையில் அது வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மெட்டு அதேதான். அடியில் இருந்தவை மட்டும் எனக்குத் தெரிந்த கார்டுகள் இல்லை. காது எட்டவில்லை என்பதால் எழுந்துபோய் நின்று கையைப் பார்த்தேன். இடது கையில் நாலே விரல். அதில் ஒன்றுகூட ரூட்டில் இல்லை.

அந்த வாரமே 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றைத் தவணையில் வாங்கினேன். (கணவர் கேட்ட ஒரே கேள்வி, எங்கே வைப்பது.)

முதல் ஆறு மாதம் நானாகவே புத்தகம் பார்த்துக் கற்றேன். அதில் நான் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். செழிப்பான ஒலி வேண்டுமென்றால் நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்தேன். சி தர்ட்டீன்த் என்று ஒரு கார்டு போட்டிருந்தது. சி, இ, ஜி, பி ஃபிளாட், டி, எஃப், ஏ. எண்ணிப் பாருங்கள், ஏழு. ஒரு ஸ்கேல் முழுவதையும் ஒரே நேரத்தில் அமுக்குவது. அமுக்கினேன். பூனை ஏறி மிதித்த சத்தம் வந்தது. நடுவில் இருக்கும் எஃப், அந்த இ-யோடு உரசி மொத்தத்தையும் கெடுக்கிறது என்பது அப்போது தெரியாது. இன்னொரு பக்கம் இடது கையைக் கீழே கொண்டுபோய் சி, இ, ஜி, பி ஃபிளாட் என்று நெருக்கி வைத்தேன். ஹெட்போனில் ஊறப்போட்ட துணி மாதிரி கொழகொழவென்று கேட்டது. கீழ்ப்பகுதி நோட்டுகளின் உபரி அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதும். அங்கே ஐந்து ஸ்வரம், எட்டு ஸ்வரம் என்று அகலமாக வைத்தால்தான் தெளிவு கிடைக்கும். நெருக்கமெல்லாம் நடு சி-க்கு அக்கம்பக்கத்தில்தான். ஆர்கனில் டெனரும் பேஸும் எப்போதும் தள்ளித் தள்ளி நின்றதற்கு இதுதான் காரணம் என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது. அப்பா காரணம் சொன்னதில்லை. விதி மட்டும்தான்.

கடைசியில் அந்த ஹோட்டலுக்கே திரும்பப் போய் அவரைக் கேட்டேன். பரங்கிமலையில் வீடு. சனிக்கிழமை காலை வரச் சொன்னார். எல்லோரும் அவரை அங்கிள் என்பார்கள், நானும் அப்படியே. அவர் என்னை, எனக்கு நாற்பது ஆகியும், "சைல்ட்" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ. மழைக்காலத்தில் ஈரம் ஏறி மூன்று கட்டைகள் அமுங்கினால் மேலே வராது, விரலால் தூக்கிவிட வேண்டும். முதல் நாள் டி மைனர் செவன்த் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சுண்டுவிரல் டி-யில். அவர் என் இடது பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கீழ் இரண்டு ஆக்டேவையும் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை ஓர் ஆக்டேவ்) கையால் ஒரு வீச்சில் காட்டினார். "இது என் வீடு. நீ இங்க வரக் கூடாது." டி-யை அவர் வாசித்தார். என்னை எஃப், ஏ, சி, இ வாசிக்கச் சொன்னார். சுண்டுவிரல் கேட்குமா? பழக்கதோஷத்தில் கீழே இறங்கியது. இரண்டு பேர் கையும் மோதின. அந்த வகுப்பு முழுக்க மோதிக்கொண்டே இருந்தோம்.

அவர் சொன்ன கணக்கு சுருக்கமானது. "மூணும் ஏழும் போதும், சைல்ட்." மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாவது நோட். கார்டு நிம்மதியாக இருக்கிறதா, எங்காவது போகத் துடிக்கிறதா என்று சொல்வது ஏழாவது. ஐந்தாவது நோட் புதிதாக எதையும் சொல்வதில்லை. ரூட்டைச் சொல்லத்தான் பேஸ்காரர் இருக்கிறார். ஆக மிச்சமாகும் இரண்டு விரலுக்கு ஒன்பதாவது, பதின்மூன்றாவது என்று ஏதாவது வேலை கொடுக்கலாம். நான் ஆறு மாதம் நோட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத் தேடிய ஒலி, எடுத்துவிட்ட பிறகு வந்தது.

ஜாஸ்காரர்களும் ஒரே நாளில் இங்கே வந்துவிடவில்லை. பியானோக்காரர் ஃபேட்ஸ் வாலர் காலத்தில் இடது கை கீழே ஒரு பேஸ் நோட், மேலே ஒரு கார்டு என்று தாண்டித் தாண்டிக் குதிக்கும். 1940களில் பட் பவல் அதைச் சுருக்கி, ரூட்டோடு ஏழாவதோ மூன்றாவதோ, இரண்டே நோட்டில் நிறுத்தினார். வலது கை போகும் வேகத்துக்கு அதற்கு மேல் கனம் தாங்காது. அடுத்த தலைமுறையில் ரெட் கார்லண்ட், பில் எவன்ஸ் போன்றவர்கள் அந்த ரூட்டையும் பேஸிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது, இது ஒரு நம்பிக்கை விஷயம் என்பதுதான். பக்கத்திலிருப்பவர் சரியான இடத்தில் சரியான நோட்டை வாசிப்பார் என்று தெரிந்தால்தான் நீங்கள் அதை விட முடியும். தனியாக எஃப், ஏ, சி, இ வாசித்துப் பாருங்கள். அது எஃப் மேஜர் செவன்த், வேறொன்றும் இல்லை. அடியில் ஒருவர் டி வைத்த நொடியில் அது டி மைனர் நைன்த் ஆகிவிடும். விரல் ஒரு இம்மிகூட நகரவில்லை, கார்டின் பேர் மாறிவிட்டது.

மூன்று மாதம் நான் வாசித்தது மூன்றே கார்டு. ஜாஸில் எங்கே திரும்பினாலும் வரும் டூ-ஃபைவ்-ஒன். ஸ்கேலின் இரண்டாவது நோட்டில் ஒரு கார்டு, ஐந்தாவதில் ஒன்று, கடைசியில் முதல் நோட்டுக்கு வீடு திரும்புவது. சி ஸ்கேலில் டி மைனர், ஜி செவன், சி மேஜர். ரூட்டை விட்டுவிட்டால் கையில் இருப்பவை இவை:

எஃப் ஏ சி இ
எஃப் ஏ பி இ
இ ஜி பி டி

முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரே ஒரு விரல், அதுவும் அரை ஸ்வரம் மட்டும் நகர்கிறது. சி இறங்கி பி ஆகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு பி அசையாமல் நிற்க, எஃப் அரை ஸ்வரம் இறங்கி இ ஆகிறது. கவனித்தால் இது அப்பாவின் இரண்டாவது விதிதான். டி மைனரின் ஏழாவது இறங்கி ஜி-யின் மூன்றாவது ஆகிறது. ஜி-யின் ஏழாவது இறங்கி சி-யின் மூன்றாவது ஆகிறது. கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. போனில் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அவங்களும் பாமாலைதானே வாசிக்கிறாங்க" என்றார்.

இதே நோட்டுகளைத் தலைகீழாகவும் அடுக்கலாம். சி இ எஃப் ஏ, பி இ எஃப் ஏ, பி டி இ ஜி. நடுவில் இ-யும் எஃப்-ம் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தக் கூச்சம் எனக்கு முதல் வகையைவிடப் பிடிக்கும். இரண்டு வகையும் தேவை. பன்னிரண்டு கீயிலும் ஒரே வகையைத் தூக்கிக்கொண்டு போனால் சில இடத்தில் மெட்டோடு மோதும் உயரத்துக்கு ஏறிவிடும், சில இடத்தில் கொழகொழ ஏரியாவுக்கு இறங்கிவிடும். பாதி வழியில் வண்டி மாற வேண்டும். தினமும் இரவு பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை ஹெட்போனோடு இதுதான். மார்ச் மாதம் மட்டும் விடுமுறை. ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அங்கிள் வேறு மாதிரி ஒன்றைக் காட்டினார். இ, ஏ, டி, ஜி, பி. கீழிருந்து நாலு நாலு ஸ்வரமாக ஏறி, உச்சியில் மட்டும் ஒரு மேஜர் தேர்ட். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டில் பில் எவன்ஸ் வாசித்தது. அதனால் அதன் பெயரே ‘ஸோ வாட் கார்டு’. பால் சேம்பர்ஸ் பேஸில் கேள்வி கேட்பார், பியானோ இரண்டே கார்டில் பதில் சொல்லும். முதலில் இது. அப்புறம் கையை அப்படியே ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி, ஜி, சி, எஃப், ஏ. மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் திறந்த வெளி மாதிரி ஓர் ஒலி. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது. அந்தக் கட்டடம் முன்பு ஒரு தேவாலயம். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த ஐந்து நோட்டையும் திரும்பத் திரும்ப வாசித்தபோது எங்கேயோ கேட்டமாதிரி உறுத்தியது. எங்கள் கோயில் வாலிபர் குழுவில் ஒரு பையன் பாட்டுக்கு முன் எதையும் பிடிக்காமல் கிடாரை ஒரு தடவை மேலிருந்து கீழே வருடிப் பார்ப்பான். கிடாரின் தடித்த கம்பியிலிருந்து ஐந்து கம்பிகள்: இ, ஏ, டி, ஜி, பி. அவன் வாராவாரம் ஸோ வாட் கார்டு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம், சுருதி சேர்க்கிறோம் என்று நினைத்து.

‘ஸோ வாட்’ பாட்டின் 32 பாரில் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) 24 டி டோரியன், நடுவில் எட்டு மட்டும் அரை ஸ்வரம் மேலே. டோரியன் என்றால் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான். ஆனால் இதைச் சொல்லி "ஜாஸும் கர்நாடக சங்கீதமும் ஒன்றே" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஓட்டம் எடுக்கத் தோன்றும். ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் ராகம் வந்துவிடாது. மகள் பாட்டு வகுப்பில் அந்த காந்தாரத்தை அசைக்க இரண்டு வாரம் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். பியானோவில் அசைக்க ஏது வழி?

கென்னி பேரன் என்ற ஜாஸ் பியானோக்காரர் பெயரில் வழங்கும் மைனர் கார்டு ஒன்றும் உண்டு. இடது கையில் சி, ஜி, டி. வலது கையில் இ ஃபிளாட், பி ஃபிளாட், எஃப். ஒவ்வொரு கையிலும் ஐந்தைந்தாக அகலம், இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அரை ஸ்வரம். கேட்கக் கோயில் மணி மாதிரி இருக்கும். எனக்கு வராது. வெள்ளைக் கட்டை ஒன்று சுமார் 23.5 மில்லிமீட்டர். சி-யிலிருந்து மேல் டி வரை நடுவுக்கு நடு கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர். என் கை ஆக்டேவோடு சரி. கீழ் சி-யைத் தட்டி, பெடலில் பிடித்து, கையைத் தூக்கி மற்றதை வைக்கிறேன். அங்கிள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

போன வருடம் ஜூனில் அங்கிள் தன் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டார். பியானோவை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

என் பிரச்சினை உடனே தெரிந்துவிட்டது. இடது பக்கம் ஆள் இல்லை. எஃப் ஏ சி இ வாசித்தால் காதில் எஃப் மேஜராகவே விழுகிறது. சுண்டுவிரல், சொல்லவே வேண்டாம், ஒரே வாரத்தில் காலி வீட்டுக்குள் புகுந்துவிட்டது. வீடியோ காலில் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். அவர் நோட்டு இங்கே வந்து சேர்வதற்குள் நான் அடுத்த கார்டில் இருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் மகள் பாட்டுப் பயிற்சி முடித்துவிட்டு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை அணைக்காமல் போய்விட்டாள். அவளுக்கு ஐந்தரைக் கட்டை. அணைக்கப் போன நான், சும்மா, இரண்டு கட்டைக்கு இறக்கினேன். பஞ்சமத்தைச் சுத்தமாகக் குறைத்து ஸட்ஜம் மட்டும் வைத்தேன். பியானோவில் எஃப் ஏ சி இ வைத்தேன். டி மைனர் நைன்த்! பரங்கிமலை வீடு அப்படியே வந்துவிட்டது.

ஐந்து கட்டைக்கு ஏற்றி எஃப் ஏ பி இ. ஒரு கட்டைக்கு இறக்கி இ ஜி பி டி. அப்போதுதான் உறைத்தது. நம்மூரில் ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, ஐந்து ஜி. சி ஸ்கேலின் டூ-ஃபைவ்-ஒன் என்பது ரெண்டு கட்டை, அஞ்சு கட்டை, ஒரு கட்டை. அதே எண்கள்! இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "சூப்பர்" என்றார், திரும்பாமல். (எஃப் ஸ்கேலுக்குப் போனால் இது அஞ்சு, ஒண்ணு, நாலு ஆகிவிடும், மாயம் போய்விடும். அது எனக்குத் தெரியும்.)

கார்டில் கையை வைத்துக்கொண்டு பெட்டியையும் மாற்ற முடியாது. மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. "சுருதியைப் பாட்டு நடுவுல மாத்தக் கூடாதும்மா. மிஸ் திட்டுவாங்க." நியாயம்தான். அவள் உலகத்தில் ஸட்ஜம் அசையாத தரை. மற்றதெல்லாம் அதன் மேல் நடக்க வேண்டும். என் உலகத்தில் தரைதான் நகர்கிறது, மேலே இருப்பவர்கள் முடிந்தவரை அசையாமல் இருக்கப் பார்க்கிறோம். இதை ஏழாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு விளக்க முயன்று, ஒரு ஐஸ்கிரீமில் முடித்தேன்.

அந்தப் பெட்டியில் திருகு கிடையாது. மேலே, கீழே என்று இரண்டு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் அரை ஸ்வரம். இரண்டிலிருந்து ஐந்துக்குப் போக ஐந்து தடவை மேலே, ஐந்திலிருந்து ஒன்றுக்கு வர ஏழு தடவை கீழே. நாலைந்து சுற்று அமுக்கிவிட்டு அவள் சொன்னாள், "விரல் வலிக்குதும்மா. ரெண்டுல இருந்து கீழ ஒண்ணு, இன்னொண்ணு அமுக்கினா ஒரு கட்டை வந்துடுமே. எதுக்கு மேல போய்ட்டு வரணும்?"

சரி, பொழுதுபோகட்டும் என்று விட்டேன். அவள் இரண்டு கட்டையில் வைத்தாள், நான் எஃப் ஏ சி இ. அவள் ஒரு தடவை அமுக்கினாள், ஒன்றரைக் கட்டை. நான் என் பாட்டுக்கு அடுத்த கார்டை, அதே எஃப் ஏ பி இ-யை, வைத்தேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றரைக் கட்டை என்றால் டி ஃபிளாட். ஜி செவனின் உயிர் பி-யும் எஃப்-ம். டி ஃபிளாட் செவனுக்கும் அதே இரண்டு நோட்டுதான் உயிர். மூன்றாவதும் ஏழாவதும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவே. ஜி மேல் சாதுவாக இருந்த ஏ-யும் இ-யும் இப்போது பச்சை மிளகாய் கடித்தமாதிரி சுர்ரென்றன. அடியில் பேஸ் டி, டி ஃபிளாட், சி என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. டிரைடோன் சப்ஸ்டிடியூஷன் (ஒரு கார்டின் இடத்தில் மூன்று முழு ஸ்வரம் தள்ளியிருக்கும் கார்டை வைப்பது) என்று புத்தகத்தில் இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் புரியாமல் மூடிவைத்த அத்தியாயம். ஹோட்டல் லாபியில் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டின் கடைசி வரியில் நான் எழுந்துபோய் நின்ற இடம் இதுவேதான்.

"தப்பாயிடுச்சா?" என்றாள்.

"இல்ல. மறுபடியும் ரெண்டுல வை."

பதினைந்து தடவை வாசித்திருப்போம். கடைசித் தடவையை அலைபேசியில் பதிவு செய்து அங்கிளுக்கு அனுப்பினேன். பெர்த்தில் அப்போது இரவாகியிருக்கும். காலையில் பதில் வந்திருந்தது.

"இடது கை ஓகே, சைல்ட். பேஸ் வாசிக்கிறது யாரு? டைமிங் ரொம்ப மோசம்."